தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் முட்டைக்கோஸை நிறுத்த வேண்டுமா?

கேள்வி இதுதான்: டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) கூடியிருக்கிறது, மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சோயா எல்லாவற்றையும் அடியோடு நிறுத்த வேண்டுமா? எந்த உணவைச் சாப்பிட்டால் மாத்திரையை விடலாம்?

முட்டைக்கோஸை நிறுத்த வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே வேண்டாம். தைராய்டு குறைவாகச் சுரப்பவர் சாப்பாட்டில் செய்ய வேண்டிய மாற்றத்தில் முக்கால்வாசி, அந்த மாத்திரை குடலில் ஒழுங்காக உறிஞ்சப்பட வழிவிடுவதுதான். எந்தக் காய், எந்தப் பருப்பு என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு. ஆனால் இணையத்தில் காய்கறிப் பட்டியல்தான் கொட்டிக்கிடக்கிறது, மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று பலருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் உங்களுக்கு இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். டிஎஸ்எச் கூடி, டி4 குறைந்திருந்தால் சுரப்பி குறைவாக வேலை செய்கிறது (டி4, டி3 இரண்டும் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள்). டிஎஸ்எச் மிகவும் தாழ்ந்து, டி4 அல்லது டி3 கூடியிருந்தால் அது மிகைச் சுரப்பு. இரண்டுக்கும் மருந்தும் வேறு, சாப்பாட்டு யோசனையும் வேறு. ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் பின்பற்றினால் கெடுதல்கூட வரலாம். கீழே பெரும்பகுதி குறைவாகச் சுரப்பவர்களுக்கானது. மிகைச் சுரப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

குறைவாகச் சுரப்பவர்களுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை லெவோதைராக்ஸின், சுருக்கமாகத் தைராக்ஸின். அதன் கணக்கு மைக்ரோகிராமில். 100 மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவு என்பதால்தான் வயிற்றில் வேறு எது இருந்தாலும் அது கணக்கைக் கெடுத்துவிடுகிறது. வெறும் வயிற்றில் போட்டாலே ஏறக்குறைய 60 முதல் 80 சதவீதம்தான் உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு போட்டால் அது இன்னும் குறையும். அதைவிடத் தொல்லை, ஒரு நாள் குறையும், மறுநாள் குறையாது. டோஸ் சரியாகத்தான் இருக்கும். பரிசோதனை முடிவு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எழுந்ததும் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போடுங்கள். அதன்பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். இந்த "எதுவும்" என்பதில் காபியும் அடக்கம். பால் சேர்க்காத கறுப்புக் காபிகூட மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. பால் சேர்த்தால் கால்சியமும் சேர்ந்துகொள்ளும். காபி இல்லாமல் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும் முன் போட்டால் காலையில் போடுவதற்கு இணையாகவே வேலை செய்யும். படுக்கும் முன் பால் குடிக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் இந்த ஏற்பாடு சரிப்படாது. எந்த நேரமானாலும் தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும். இன்று காலை, நாளை இரவு என்று மாற்றிக்கொண்டே இருப்பதுதான் மோசம்.

அடுத்தது கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள். இவை குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்துக்கொண்டு வெளியேற்றிவிடும். நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பலவகைச் சத்துகள் கலந்த மல்டிவைட்டமினிலும் பெரும்பாலும் இவை இருக்கும், அதற்கும் இதே விதி. அமில எரிச்சலுக்குச் சாப்பிடும் ஆன்டாசிட் மருந்துகளில் அலுமினியமோ கால்சியமோ இருக்கும். அவற்றுக்கும் இதே நான்கு மணி நேரம். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை வேறு வழியில் கெடுக்கின்றன. மாத்திரை கரைவதற்கு வயிற்று அமிலம் தேவை, இவை அமிலத்தையே குறைத்துவிடுகின்றன. இங்கே இடைவெளி விட்டுப் பயனில்லை. இவற்றைத் தொடர்ந்து சாப்பிட ஆரம்பித்தாலோ நிறுத்தினாலோ ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச்சை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இரும்புச்சத்து விஷயம் கொஞ்சம் சிக்கலானது. தைராய்டு குறைந்தால் பெண்களுக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு கூடலாம். அதனால் இரும்புச்சத்து இறங்கும். சுரப்பி ஹார்மோன் தயாரிக்கும் நொதிக்கே இரும்பு தேவை என்பதால், குறைபாடு சுரப்பியை மேலும் தளரவைக்கும். சோர்வைப் பார்த்து இரும்பு மாத்திரை எழுதிக்கொடுப்பார்கள். அதை தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் காலையிலேயே விழுங்கினால் தைராக்ஸின் வீணாகி, டிஎஸ்எச் ஏறி, டோஸைக் கூட்டுவார்கள். பிறகு இரும்பு மாத்திரை முடிந்ததும் அதே கூட்டிய டோஸ் முழுதாக உறிஞ்சப்பட்டுப் படபடப்பு ஆரம்பிக்கும். இத்தனைக்கும் காரணம் இரண்டு மாத்திரையை ஒரே டம்ளர் தண்ணீரில் போட்டதுதான்.

ஒரு நாளை இப்படி அமைத்துக்கொள்ளலாம். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரையும் தண்ணீரும். 7 மணிக்குக் காபி, காலை உணவு. 11 மணிக்கு இரும்பு மாத்திரை, கூடவே எலுமிச்சைச் சாறோ ஆரஞ்சோ. வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். இரவுச் சாப்பாட்டோடு கால்சியம். கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால் அவற்றையும் பிரித்துவிட்டது நல்லதுதான்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. இந்த ஹார்மோனின் பாதி உடலைவிட்டு நீங்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அன்றே நினைவு வந்தால் வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வருகிறது என்றால் இரண்டைச் சேர்த்துப் போடலாமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திடமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் சரி என்பார்கள். வயதானவர்களும் இதய நோய் உள்ளவர்களும் அப்படிச் செய்யக்கூடாது.

மாத்திரை வெயில், சூடு, ஈரம் மூன்றுக்கும் ஆகாது. சமையலறை அலமாரியும் குளியலறையும் தவறான இடங்கள். அட்டையிலிருந்தோ புட்டியிலிருந்தோ எடுத்து வேறு டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். கம்பெனி மாறினாலும் உறிஞ்சப்படும் அளவு சற்று மாறலாம், ஆகவே ஒரே பிராண்டைத் தொடர்வது நல்லது. மாற்ற வேண்டி வந்தால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒரு பரிசோதனை.

பரிசோதனை என்றதும் நினைவுக்கு வருவது, டோஸ் மாற்றிய இரண்டாவது வாரமே ஓடிப்போய் ரத்தம் கொடுப்பவர்கள். டிஎஸ்எச் புது அளவில் நிலைகொள்ள ஆறு வாரமாவது ஆகும். அதற்குமுன் வரும் எண் பாதி வழியில் எடுத்த எண். டிஎஸ்எச் இரவிலும் அதிகாலையிலும் கூடி, பிற்பகலில் குறையும். எனவே ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ரத்தம் கொடுங்கள். டி4 சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்தபிறகு போடுங்கள், இல்லாவிட்டால் சில மணி நேரத்துக்கு டி4 கூடுதலாகக் காட்டும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் சோதனை முறையில் பயோட்டினே ஒரு பாகம். உங்கள் ரத்தத்தில் அது நிறைய மிதந்தால் டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்தும், டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். பார்ப்பவர் மிகைச் சுரப்பு என்று நினைத்து டோஸைக் குறைத்துவிடுவார். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள்; மிக அதிக அளவில் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சில நாள் தேவைப்படும். முடிக்கு, நகத்துக்கு என்று விற்கும் கலவைகளின் லேபிளைப் படித்தால் பெரும்பாலும் அதில் பயோட்டின் இருக்கும்.

இன்னொன்று: டிஎஸ்எச் 4இலிருந்து 8 ஆகிவிட்டது, நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று கலங்குவார்கள். அப்படி அர்த்தமில்லை. டி4 சற்றே குறைந்தாலும் டிஎஸ்எச் பல மடங்கு ஏறும். அந்த ஹார்மோனின் இயல்பு அது. பெரியவர்களுக்கு வழக்கமான வரம்பு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு இதைவிடச் சற்று மேலே இருப்பது இயல்பே, அதைக் கட்டாயப்படுத்திக் கீழே இழுத்தால் இதயத் துடிப்புக் கோளாறும் எலும்புத் தேய்மானமும் வர வாய்ப்புண்டு. டி4 சரியாக இருந்து டிஎஸ்எச் மட்டும் 10க்குக் கீழே லேசாகக் கூடியிருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டே முடிவெடுப்பார்கள். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். அப்படித் தானாக இறங்கியதைத்தான் ஏதோ ஒரு கஷாயம் குணப்படுத்தியது என்று பின்னால் சொல்லிக்கொள்வார்கள்.

இனி முட்டைக்கோஸ். அந்தக் குடும்பத்துக் காய்களில் இருக்கும் சில பொருள்கள், சுரப்பி அயோடினை எடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்கும். இது உண்மைதான். ஆனால் எவ்வளவு சாப்பிட்டால்? 2010இல் ஒரு மருத்துவ இதழில் வந்த சம்பவம்: 88 வயதுப் பெண்மணி ஒருவர் தினமும் ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை பாக் சோய் என்ற கீரைக் கோஸைப் பச்சையாகவே மாதக்கணக்கில் சாப்பிட்டு, தைராய்டு அடியோடு குறைந்து நினைவு தடுமாறும் நிலைக்குப் போனார். தட்டில் ஒரு கை வெந்த பொரியல் சாப்பிடுபவருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வேகவைக்கும்போது, அந்தப் பொருள்களை உருவாக்கும் நொதி பெருமளவு செயலிழந்துவிடும். தினமும் காலே என்ற கோஸ் குடும்பக் கீரையின் பச்சைச் சாறு, முட்டைக்கோஸ் சாறு என்று டம்ளர் டம்ளராகக் குடிக்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள், போதும்.

இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. இந்தக் காய்கள் தடுப்பது சுரப்பியின் வேலையை. நீங்கள் விழுங்குவதோ தயாரித்து முடித்த ஹார்மோனை. அறுவை சிகிச்சையில் சுரப்பியை முழுக்க எடுத்துவிட்டவருக்கு முட்டைக்கோஸ் எதைத் தடுக்கும்? அவரிடம்கூட "கோஸ் ஆகாது" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

மரவள்ளிக் கிழங்குக்கும் கம்புக்கும் இதே கெட்ட பெயர் உண்டு. அயோடின் பற்றாக்குறை உள்ள இடங்களில், இவையே மூன்று வேளையும் முக்கிய உணவாக இருக்கும்போதுதான் கழுத்துக் கழலைச் சிக்கல் பெரிதாக எழுகிறது. மற்ற தானியங்களோடு மாற்றி மாற்றிச் சாப்பிடுபவர் கவலைப்பட வேண்டியதில்லை. சோயா சுரப்பியைக் கெடுப்பதைவிட மாத்திரை உறிஞ்சப்படுவதைத்தான் கெடுக்கிறது. காலை உணவில் சோயாப் பால் குடிப்பவர் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு, தினமும் ஏறக்குறைய ஒரே அளவு குடித்தால், டோஸை அதற்கேற்ப அமைத்துவிட முடியும்.

அயோடின் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். உப்பில் 30 பிபிஎம் (ஒரு கிராம் உப்பில் 30 மைக்ரோகிராம்) அயோடின் இருந்தால், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வரம்பாகச் சொல்லும் 5 கிராம் உப்பிலேயே இந்த 150 வந்துவிடுகிறது. சமையலில் கொஞ்சம் போகும். அதை மீன், பால், முட்டை ஈடுகட்டிவிடும். இந்துப்பு, கல்லுப்பு, இளஞ்சிவப்பு உப்பு என்று மாறியவர்கள் பாக்கெட்டில் "அயோடின் சேர்த்தது" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இயற்கையாக அவற்றில் இருப்பது சொற்பம். நேர்மாறாக, கெல்ப் என்ற கடற்பாசி மாத்திரைகளில் ஒரு நாள் தேவையைப்போலப் பல மடங்கு இருக்கலாம். அயோடின் குறைவால் வந்த நோய் அல்லாமல், எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்கும் ஹாஷிமோட்டோ வகையாக இருந்தால், கூடுதல் அயோடின் சுரப்பை மேலும் அடக்கிவிடும். சுரப்பியில் கட்டி உள்ளவர்களுக்கோ அதுவே மிகைச் சுரப்பைத் தூண்டக்கூடும். ஆகவே அந்தப் பக்கமே போக வேண்டாம். மாத்திரையிலேயே அயோடின் இருக்கிறது என்பது இன்னொரு தகவல்: தைராக்ஸினின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான்.

செலினியம் என்ற தாதுச்சத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு நாள் தேவை ஏறக்குறைய 55 மைக்ரோகிராம். முட்டை, மீன், தானியம், பருப்பு சாப்பிடும் பலருக்கு அது கிடைத்துவிடும். அளவுக்கு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். தைராய்டுக்காகச் சாப்பிட்டு, தைராய்டு அறிகுறிகளையே விலைக்கு வாங்கிய கதையாகிவிடும். அமுக்கரா என்னும் அசுவகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம். மாத்திரையோடு சேர்த்து மிகைச் சுரப்பில் கொண்டுவிட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கோதுமையை விட்டால் சரியாகுமா? சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) உள்ளவருக்கு உதவும், மற்றவர்களுக்கு அதனால் தனிப் பயன் எதுவும் உறுதிப்படவில்லை. ஆனால் ஹாஷிமோட்டோ உள்ளவர்களிடம் சீலியாக் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. ஒரு தடயம் சொல்கிறேன்: சுரப்பி முழுதும் செயலிழந்தவருக்கே பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் போதும். 60 கிலோ எடை என்றால் 100 மைக்ரோகிராமுக்குப் பக்கம். ஒழுங்காக வெறும் வயிற்றில் போட்டும் இதைவிட வெகுவாகக் கூடுதல் தேவைப்படுகிறது என்றால், குடலில் ஏதோ கோளாறு. சீலியாக், எச்.பைலோரி கிருமி, வயிற்று உட்சுவர் தேய்ந்துபோகும் நோய் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கோதுமையை நிறுத்துவதாக இருந்தால் சீலியாக் பரிசோதனை முடிந்தபிறகே நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் சீலியாக் இருந்தாலும் பிடிபடாமல் போகலாம்.

எடை விஷயத்தில் பலருக்கு ஏமாற்றம் வரும். தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ, அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். டிஎஸ்எச் சரியானதும் அந்த அளவு இறங்கும். அதற்குமேல் ஏறிய எடைக்குக் காரணம் வேறு. அதற்காக டோஸைக் கூட்டிக் கேட்காதீர்கள். கொழுப்பு குறையும்முன் தசையும் எலும்பும் கரையும். ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் தசைகள் வலிக்கலாம், பத்து நிமிட நடையில் தொடங்கினால் போதும்.

கெட்ட கொழுப்பும் இதனோடு சேர்ந்து ஏறும். தைராய்டு சரியானதும் அது கணிசமாக இறங்கிவிடுவதால், பல சமயம் ஸ்டாட்டின் மாத்திரைக்கு அவசரப்பட வேண்டியிருக்காது. தைராய்டு குறைந்த நிலையிலேயே ஸ்டாட்டின் தொடங்கினால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடுதல். மலச்சிக்கலுக்கு நார்ச்சத்தைக் கூட்டுங்கள். ஆனால் இசப்கோல் போன்ற நார்ப்பொடியை மாத்திரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

டிஎஸ்எச் சரியாகிவிட்டது, சோர்வு மட்டும் போகவில்லை என்றால் டோஸோடு மல்லுக்கட்டாமல் வேறு இடத்தில் தேடுங்கள். ஃபெரிட்டின் (உடலில் சேமித்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது), வைட்டமின் பி12, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு. எதிர்ப்புச் சக்தி தைராய்டைத் தாக்குபவர்களில் சிலருக்கு அது வயிற்றையும் தாக்குவதால் பி12 குறைவது எதிர்பார்க்கக்கூடியதே.

மாத்திரையை ஒருநாள் விட முடியுமா என்பது காரணத்தைப் பொறுத்தது. பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டு அழற்சி, வைரஸ் காய்ச்சலுக்குப்பின் வரும் வலியுள்ள அழற்சி, லேசான டிஎஸ்எச் உயர்வு ஆகியவற்றில் மருத்துவர் மேற்பார்வையில் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம். சுரப்பியை எடுத்தவருக்கும், கதிரியக்க அயோடின் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலானோருக்கும், ஹாஷிமோட்டோவில் சுரப்பி தேய்ந்துபோனவருக்கும் உணவால் அதை ஈடுகட்ட முடியாது.

கர்ப்பம் என்று தெரிந்தால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்வரை காத்திருக்காதீர்கள். தேவை நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் கூடிவிடும். குழந்தையின் மூளை வளர்ச்சி ஆரம்ப மாதங்களில் தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. பல மருத்துவர்கள் கருத்தரிக்கும் முன்பே சொல்லிவைப்பது: உறுதியானதும் வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9, உடனே பரிசோதனை, பிறகு பாதிக் காலம்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை. உங்கள் மருத்துவரிடம் இந்த ஏற்பாட்டை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பகாலத்தில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதே நான்கு மணி நேரம்தான். அயோடின் தேவை 250 மைக்ரோகிராமுக்கு உயரும்.

மிகைச் சுரப்பு உள்ளவர்களுக்குக் கதை தலைகீழ். உடல் எரித்துத் தள்ளுவதால் சிகிச்சை பிடிக்கும்வரை கூடுதல் கலோரியும் புரதமும் தேவை, கால்சியம் உணவிலிருந்து வரட்டும். காபி, ஆற்றல் பானம் படபடப்பைக் கூட்டும். ஓய்வில் நாடி 100க்கு மேல் இருக்கும்போது ஓட்டம், கடின உடற்பயிற்சி வேண்டாம். மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் பசி பழைய அளவிலேயே நிற்கும், எரிப்பு மட்டும் குறைந்துவிடும். எடை மளமளவென ஏறுவது அப்போதுதான். சாப்பாட்டு அளவை அந்த வாரங்களில் குறைக்கத் தொடங்குங்கள். எதிர்ப்புச் சக்தி சுரப்பியைத் தூண்டி மிகைச் சுரப்பைத் தரும் கிரேவ்ஸ் நோயில் கண் பாதிப்பு வரலாம், அதைப் புகைபிடித்தல் மோசமாக்கும். இங்கே புகையை விடுவது எந்த உணவு மாற்றத்தையும்விடப் பெரிது. மிகைச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல், மெத்திமசோல் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் வெந்நீரில் கொப்பளித்துவிட்டுப் படுக்கக்கூடாது. அரிதாக இந்த மருந்து வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இரவாக இருந்தாலும் போங்கள்.